வெள்ளவத்தைத் தொலைக்காட்சியும் கொள்ளுப்பிட்டிக் கொன்ட்ரோலரும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிறு முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின் நிலையத்துக்குள் புகுந்த குரங்கொன்றே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். அந்த வாரம் முழுவதும் கொழும்பில் குரங்குதான் பேச்சு. கொள்ளுப்பிட்டியில், காலி வீதியை அண்டிய கட்டடமொன்றில் இரண்டு மாடிகளை வாடகைக்கு எடுத்து இயங்கும் கணக்கீட்டுச் சேவை நிறுவனம் ஒன்றுக்கு மட்டும் அந்தக் குரங்கால் ஓர் உபகாரம் நடந்தது. அதன் கம்பியில்லா வலையமைப்பில் வெளியே தெரியாமல் கிடந்த கோளாறுகள் ஒரே வாரத்தில் அடுத்தடுத்து அம்பலமாயின. அதைச் சீரமைக்கும் வேலை எங்கள் குழுவிடம் வந்தது. கண்டதையும் மாற்றியதையும் அதற்கான காரணங்களையும் இங்கே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரோ, அமைப்பை முதலில் நிறுவிய ஒப்பந்தக்காரரின் பெயரோ இந்தக் கதைக்குத் தேவையில்லை.

பிரித்தானியச் சிறு வணிகங்களின் கணக்குகளை இங்கிருந்து எழுதிக் கொடுப்பதே நிறுவனத்தின் தொழில். ஊழியர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை, வத்தளை என்று பரந்திருக்கிறார்கள். 2022இல் எரிபொருளும் இல்லை, மின்சாரமும் இல்லை. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு வரை போனது. ஜூலையில் பெற்றோலுக்குக் கியூ.ஆர். அட்டை வந்தது. அப்போதுதான் இந்த நிறுவனமும் வேலையை வீடுகளுக்கு அனுப்பியது. வரிசைகள் மறைந்த பின்னும் ஊழியர்கள் முழுமையாகத் திரும்பவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் வீட்டிலிருந்தே வேலை என்பது நிரந்தர ஏற்பாடாகிவிட்டது.

அலுவலகத்தில் சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9800 வகைக் கொன்ட்ரோலர்கள் இரண்டு, ஒன்றுக்கு ஒன்று துணையாக இருந்தன. வைஃபையை ஒலிபரப்பும் பெட்டிகளான அக்சஸ் பொயின்ட்களை, மாடிகளில் உள்ளவற்றையும் வீடுகளுக்குக் கொடுத்து அனுப்பியவற்றையும், அவையே நிர்வகித்தன. வீட்டுக் கருவியை வீட்டு ரவுட்டரில் செருகினால் போதும்: அது இணையத்தின் ஊடாக அலுவலகக் கொன்ட்ரோலரைத் தேடிப் பிடித்து, அலுவலகத்து வைஃபைப் பெயரை வரவேற்பறையில் ஒலிபரப்பத் தொடங்கும். மடிக்கணினிக்கு, தான் கொள்ளுப்பிட்டியில் இருப்பதாகவே நினைப்பு. ஏற்பாடு நல்லதுதான். எவருடைய தரவு எந்த இடத்தில் போய் இறங்குகிறது என்பதை ஒருவரும் மீண்டும் திறந்து பார்க்காமல் விட்டதில்தான் வினை இருந்தது.

திங்கட்கிழமைக் காலை

ஞாயிறன்று கட்டடம் பூட்டியிருந்ததால் ஜெனரேட்டரை எவரும் இயக்கவில்லை. யு.பி.எஸ். மின்கலங்கள் வற்றியதும் சுவிட்ச்கள், கொன்ட்ரோலர்கள், அக்சஸ் பொயின்ட்கள் எல்லாமே அணைந்துபோயின. மாலையில் மின்சாரம் திரும்பியதும் அனைத்தும் தாமாகவே எழுந்தன. திங்கள் காலை வந்தவர்களுக்கு மாடிகளில் வைஃபை இல்லை. அக்சஸ் பொயின்ட்கள் எல்லாம் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு மீண்டும் மீண்டும் தம்மையே தொடக்கிக்கொண்டிருந்தன. வேடிக்கை என்னவென்றால், வீட்டிலிருந்து வேலை செய்தவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. அலுவலகத்துக்கு வந்தவர்களுக்குத்தான் அலுவலக வைஃபை கிடைக்கவில்லை.

காரணத்தைப் புரிந்துகொள்ள, இந்தக் கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அக்சஸ் பொயின்டும் கொன்ட்ரோலரும் பேசிக்கொள்ளும் மொழி கேப்வாப். 2009இல் இணைய நியமமாக வெளிவந்தது. யு.டி.பி. என்ற அனுப்பும் முறையில் அதற்கு இரண்டு வாசல் எண்கள்: 5246 கட்டுப்பாட்டுக்கு, 5247 தரவுக்கு. அக்சஸ் பொயின்ட் எழுந்ததும், முன்பு இணைந்திருந்த கொன்ட்ரோலராகவே இருந்தாலும், முதலில் ஒரு தேடல் செய்தியை அனுப்பும். “என்னிடம் வருவதானால் இந்த முகவரிக்கு வா” என்று கொன்ட்ரோலர் பதில் சொல்லும். இணைப்பு அந்தப் பதிலில் உள்ள முகவரிக்குத்தான் போகும்.

வீட்டுக் கருவிகளுக்காக, கொன்ட்ரோலரில், இணையத்திலிருந்து தெரியும் அதன் பொது ஐ.பி. முகவரியையும் பதிந்து வைக்க வேண்டும். பதிந்துவிட்டால் 9800 வகைக் கொன்ட்ரோலர் இயல்பாக இரண்டு முகவரிகளையும் பதிலில் கொடுக்கும்: உள்முகவரி மாடியில் இருப்பவற்றுக்கு, பொது முகவரி வீட்டில் இருப்பவற்றுக்கு. இங்கே எவரோ உள்முகவரியைப் பதிலில் இருந்து நிறுத்திவிட்டிருந்தார்கள். வீட்டுக் கருவி ஒன்று இணையத் தாமதமாகிறது என்ற முறைப்பாட்டுக்கு மருந்தாக அதைச் செய்ததாகப் பழைய வேலைச் சீட்டு ஒன்றில் குறிப்பு இருந்தது. ஏற்கெனவே இணைந்திருந்த மாடிக் கருவிகளுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. அவை புதிதாகத் தேடும் தேவை வரும்வரை தவறும் உறங்கிக்கொண்டிருந்தது. ஞாயிறு மாலை எல்லாம் ஒரே நேரத்தில் தேடின. எல்லாவற்றுக்கும் பொது முகவரி மட்டும் கிடைத்தது. உள்ளே இருந்துகொண்டு வெளிவாசல் வழியாகத் திரும்பி வர முயன்றன. வலையமைப்பின் வாசலில் போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வோல் அந்தப் பாதையை அனுமதிக்கவில்லை.

உள்முகவரியைப் பதிலில் மீண்டும் சேர்த்ததும் சில நிமிடங்களில் மாடிகள் உயிர்பெற்றன. அத்தோடு புறப்பட்டிருக்கலாம். ஆனால் எல்லாம் இணைந்துவிட்டனவா என்று பார்க்கப் பட்டியலைத் திறந்தபோது, வீட்டுக் கருவிகள் சிலவற்றுக்கு எதிரே இருக்கக்கூடாத ஒரு சொல் இருந்தது: இயல்புநிலை டேக்.

தொலைக்காட்சி

இந்தக் கொன்ட்ரோலர் குடும்பத்தில் ஒவ்வொரு அக்சஸ் பொயின்டுக்கும் மூன்று டேக்குகள், அதாவது அமைப்புச் சீட்டுகள், உண்டு. எந்தெந்த வைஃபைப் பெயர்களை அது ஒலிபரப்பும், அவற்றில் சேர்பவர்கள் எந்த வி-லேனில், அதாவது வலையமைப்பின் எந்தத் தனிப் பிரிவில், இறங்குவார்கள் என்பதைச் சொல்வது பொலிசி டேக். அந்தக் கருவி அலுவலகத்துக்குள் இருக்கிறதா, வெளியே ஒரு வீட்டில் இருக்கிறதா என்பதைச் சொல்வது சைட் டேக். மூன்றாவது ரேடியோவுக்கானது. எதையும் ஒதுக்காமல் விட்டால் மூன்றுக்கும் இயல்புநிலை டேக் தானாக ஒட்டிக்கொள்ளும். இயல்புநிலைப் பொலிசி டேக்குக்கு ஒரு குணம் உண்டு: அடையாள எண் 1 முதல் 16 வரை உள்ள எல்லா வைஃபைப் பெயர்களையும் கேட்காமலே ஒலிபரப்பும், அவற்றில் சேர்பவர்களை இயல்புநிலைக் கொள்கை காட்டும் வி-லேனில் இறக்கும்.

2022இல் முதல் தொகுதியாக வீடுகளுக்குப் போன கருவிகளுக்கு முறையாக டேக் ஒதுக்கப்பட்டிருந்தது. பின்னால் ஊழியர் சேரச் சேர, ஒன்றும் இரண்டுமாகப் போனவற்றுக்கு ஒதுக்கப்படவில்லை. செருகியதும் அலுவலக வைஃபை வந்துவிட்டது, வேலை நடந்தது, எவரும் மேலே யோசிக்கவில்லை. ஆனால் அலுவலகப் பெயரோடு, வருகையாளருக்கென வைத்த விருந்தினர் வைஃபைப் பெயரும் அந்த வீடுகளில் ஒலிபரப்பானது. இயல்புநிலைக் கொள்கையில் குறிக்கப்பட்டிருந்ததோ ஊழியர்களின் வி-லேன். கொள்ளுப்பிட்டியில் விருந்தினர் கடவுச்சொல்லைப் போட்டால் விருந்தினர் வி-லேன். வெள்ளவத்தையில் அதே பெயரில் அதே கடவுச்சொல்லைப் போட்டால் கணக்குப் பிரிவின் வி-லேன்.

இது ஏட்டில் மட்டும் உள்ள அபாயமா, எவராவது உண்மையில் இறங்கியிருக்கிறார்களா என்று பார்க்க எந்தக் கருவிக்கு எப்போது ஐ.பி. முகவரி கொடுக்கப்பட்டது என்று காட்டும் ஊழியர் வி-லேனின் டி.எச்.சி.பி. பட்டியலை இரவு நேரத்துக்கு வடிகட்டினோம். கணினிகளும் மேசைத் தொலைபேசிகளுமாகப் போய்க்கொண்டிருந்த பட்டியலில் ஒரு வரி தனித்து நின்றது. கருவியோடு பிறக்கும் அதன் மேக் முகவரியின் முற்பாதி ஒரு தொலைக்காட்சித் தயாரிப்பாளருடையது. தினமும் இரவு ஏழரை மணிபோல வரும், பதினொன்றரைக்குப் போகும். ஞாயிறுகளில் பகலிலும் வரும். இணைந்திருந்தது வெள்ளவத்தை அடுக்குமாடி ஒன்றில் உள்ள ஊழியர் ஒருவரின் வீட்டுக் கருவியில். அந்த வீட்டில் அப்படியொரு தொலைக்காட்சி இல்லை.

விசாரித்தபோது அவர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள், “தம்பி, உங்கள் ஒபிஸ் பெயரில் ஒரு வைஃபை எங்கள் ஹோலில் நன்றாக இழுக்கிறதே, எங்கள் இணைப்பு இரண்டு நாளாகப் படுத்துவிட்டது” என்று கேட்டிருக்கிறார். விருந்தினர் கடவுச்சொல் அலுவலக வரவேற்பு மேசையில், வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்க்கும்படி பலகையில் எழுதியிருப்பதுதானே, இதில் என்ன இரகசியம் என்று இவரும் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விருந்தினர் என்ற பெயரைப் பார்த்து எவரும் அப்படித்தான் நினைப்பார்கள். பெயருக்குப் பின்னால் எந்த வி-லேன் இருக்கிறது என்பது அவர் கண்ணுக்குத் தெரியும் விடயமே இல்லை.

ஃபயர்வோல் பதிவுகளில் அந்தத் தொலைக்காட்சி காணொளி பார்த்ததைத் தவிர வேறொன்றும் செய்திருக்கவில்லை. உள்ளே இருந்த கோப்புச் சேவையகத்தை அது தொட்டதற்குத் தடயம் இல்லை. ஆனாலும் பிரித்தானிய வாடிக்கையாளர்களுடன் செய்த ஒப்பந்தப்படி எழுத்தில் அறிவிக்க வேண்டி வந்தது. அந்தக் கடிதத்தை எழுத முகாமையாளர் பட்ட பாடுதான், பின்னால் நாங்கள் கேட்ட செலவுகளுக்கு மறுபேச்சில்லாமல் கையொப்பம் வாங்கித் தந்தது.

தொலைக்காட்சியை விடப் பாரதூரமானது இன்னொன்று. சைட் டேக்கும் இயல்புநிலையில் இருந்ததால், அந்தக் கருவிகள் தம்மை அலுவலகத்துக்குள் இருப்பவையாகவே கருதிக்கொண்டன. கேப்வாப்பில் கட்டுப்பாட்டுப் பாதை எப்போதும் மறையாக்கப்பட்டிருக்கும். தரவுப் பாதை அப்படியல்ல. வைஃபையின் மறையாக்கம் அக்சஸ் பொயின்டோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து கொன்ட்ரோலர் வரை போகும் தரவு, தனியாக மறையாக்கத்தை இயக்காவிட்டால் திறந்தபடியே போகும். மாடிக்குள் கம்பியில் போகும்போது அதைப் பெரிதாக எடுப்பதில்லை. இங்கே அது வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்குப் பொது இணையத்தில் போய்க்கொண்டிருந்தது. வங்கித் தளங்களும் மின்னஞ்சலும் தமக்கென மறையாக்கம் உள்ளவை என்பதால் தப்பின. பழைய கோப்புப் பகிர்வுக்கு அந்தக் காவல் இருக்கவில்லை.

வீடுகளை மாற்றியமைத்தல்

முதலில் கேட்ட கேள்வி, வீட்டுக்கு அக்சஸ் பொயின்ட் வேண்டுமா என்பதுதான். ஒரு மடிக்கணினி மட்டும் வைத்து வேலை செய்பவருக்கு, அலுவலகத்துக்கு மறையாக்கப்பட்ட பாதை போடும் வி.பி.என். மென்பொருள் தாராளமாகப் போதும். பிரித்தானிய வாடிக்கையாளர்களோடு மேசைத் தொலைபேசியில் பேச வேண்டியவர்கள், இரண்டு மூன்று கருவிகளோடு வேலை செய்பவர்கள் ஆகியோருக்கு மட்டுமே வீட்டுக் கருவிக்கு நியாயம் உண்டு. அப்படிப் பார்த்ததில் ஏறக்குறைய பாதிக் கருவிகள் அலுவலகத்துக்குத் திரும்பின. நிர்வகிக்காத கருவியை விட இல்லாத கருவி நல்லது என்பது என் கட்சி.

எஞ்சியவற்றுக்கு, கருவியை வெளியே ஒரு வீட்டில் இருப்பதாக நடத்தும் அலுவலக நீட்சி முறையை இயக்கிய சைட் டேக், தரவுப் பாதைக்கும் மறையாக்கம், ஊழியர் பெயரை மட்டும் ஒலிபரப்பும் பொலிசி டேக் மூன்றையும் சேர்த்தோம். டேக்குகளைக் கருவியின் மேக் முகவரியோடு கொன்ட்ரோலரிலேயே கட்டிவைத்தோம். வைஃபைப் பெயர்கள் அனைத்துக்கும் அடையாள எண்ணை 17க்கு மேல் மாற்றியதால், டேக் இல்லாமல் ஒரு கருவி வந்து சேர்ந்தாலும் இனி அது எதையும் ஒலிபரப்பாது. இயல்புநிலைக் கொள்கையை எங்கும் போகாத ஒரு வெற்று வி-லேனுக்குத் திருப்பி, அதையும் நிறுத்திவைத்தோம். இரண்டும் சேர்ந்தால் மிகை என்று குழுவில் ஒருவர் சொன்னார். மிகையாகவே இருக்கட்டும்.

பொது இணையத்தில் 5246ஐயும் 5247ஐயும் திறந்து வைத்திருக்கும் கொன்ட்ரோலர், அதே தயாரிப்பாளரின் டிஜிட்டல் சான்றிதழ் உள்ள எந்த அக்சஸ் பொயின்டையும் இயல்பாகவே வரவேற்கும். பழைய சாமான் கடையில் வாங்கிய ஒன்றுகூட வந்து சேரலாம். ஆகவே அனுமதிக்கப்பட்ட மேக் முகவரிப் பட்டியலை இயக்கினோம். ஊழியர் வைஃபைக்குப் பயனர் பெயர், கடவுச்சொல் முறையை விட்டு, ஒவ்வொரு மடிக்கணினிக்கும் சான்றிதழ் கொடுத்தோம்.

அங்கேதான் அடுத்த சிக்கல் முளைத்தது. ஃபைபர் உள்ள வீடுகளில் எல்லாம் சரி. 4ஜி ரவுட்டர் உள்ள வீடுகளில், மேசைத் தொலைபேசி வேலை செய்தது; மடிக்கணினி மட்டும் சேர மறுத்தது. கொட்டாஞ்சேனையில் இருந்து பேசிய கணக்காளர் அக்கா, “தம்பி, ஐந்து கோடும் நிமிர்ந்து நிற்கிறது, இது மட்டும் ‘இணைக்கிறது, இணைக்கிறது’ என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது” என்றார். கோடுகளைப் பார்த்து எவரும் ரேடியோவைத்தான் சந்தேகிப்பார்கள். ரேடியோவில் ஒரு குறையும் இல்லை.

பொதியின், அதாவது தரவு பயணிக்கும் கட்டின், அளவுதான் குறை. சான்றிதழ் முறையில், உள்நுழைபவரைச் சரிபார்க்கும் ரேடியஸ் சேவையகம் தன் சான்றிதழ்ச் சங்கிலியைத் துண்டு துண்டாக மடிக்கணினிக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு துண்டும் ஈதர்நெட்டின் 1500 பைட் எல்லையை நெருங்கும் பருமன். அதன் மேல் கேப்வாப் தலைப்பும் மறையாக்கத் தலைப்பும் ஏறுகின்றன. 4ஜி பாதையின் கொள்ளளவோ 1500ஐ விடக் குறைவு. நிரம்பிய பஸ்ஸில் மூட்டையோடு ஏற முயல்பவர் கதையாக, பொதி இரண்டாகப் பிரிக்கப்பட்டு ஒரு பாதி வழியில் நின்றுவிடுகிறது. பாதையில் உள்ள ரவுட்டர்கள் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. “பொதி பெரிது, சிறிதாக்கு” என்று ஐ.சி.எம்.பி. எனும் அறிவிப்புச் செய்தி அனுப்பும். அலுவலக ஃபயர்வோலில் ஐ.சி.எம்.பி. முழுவதும் பாதுகாப்பின் பெயரால் மூடப்பட்டிருந்தது. சொன்னது கொன்ட்ரோலரின் காதில் விழவேயில்லை. மேசைத் தொலைபேசியின் பொதிகள் சிறியவை என்பதால் அவை எந்தத் தொல்லையுமின்றிப் போய்வந்தன.

விண்டோஸ் ரேடியஸ் சேவையகத்தில் ஃபிரேம்ட் எம்.டி.யு. என்ற பண்பை 1344க்குக் குறைத்தோம், துண்டுகள் சிறிதாயின. ஐ.சி.எம்.பி.யில் அந்த ஒரு வகைச் செய்தியை மட்டும் உள்ளே விட்டோம். கோப்புகளும் இணையப் பக்கங்களும் பயணிக்கும் டி.சி.பி. முறைக்கான பொதியளவுக் கட்டுப்பாட்டை 9800இன் வழக்கமான 1250இலேயே மீண்டும் இயக்கினோம். முன்பு அதையும் எவரோ அணைத்திருந்தார்கள். அன்று மாலையே கொட்டாஞ்சேனை மடிக்கணினி சேர்ந்துகொண்டது.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழும்பில் வைஃபை அமைப்பவர் மின்வெட்டை மறந்தால் பாதி வேலைதான் செய்தவராவார். 2022க்குப் பின் இங்கே பல வீடுகளில் ரவுட்டருக்கு ஒரு மினி யு.பி.எஸ். இருக்கிறது, 12 வோல்ட்டில் நாலைந்து மணி நேரம் ஓடும். ஆகவே மின்சாரம் போனாலும் அந்த வீடுகளில் இணையம் நிற்பதில்லை. ஆனால் நாங்கள் கொடுத்த அக்சஸ் பொயின்ட் இன்ஜெக்டர் மூலம், ஈதர்நெட் கம்பி வழியே மின்சாரம் பெறுவது; இன்ஜெக்டர் செருகியிருப்பது சுவரில். இணையம் இருக்க, அலுவலக வைஃபை மட்டும் அணைந்துவிடும். சில மினி யு.பி.எஸ். பெட்டிகளில் பி.ஓ.இ. (ஈதர்நெட் வழி மின்சாரம்) என்று எழுதிய துளை உண்டு. அதைப் பார்த்து நம்பி வாங்கியவர்கள் இருவர். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், அந்தத் துளையில் வருவது 15 அல்லது 24 வோல்ட் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். ஈதர்நெட் வழி மின்சாரத்துக்கான 802.3ஏ.எஃப். நியமப்படி மின்சாரம் கொடுக்கும் பக்கத்தில் 44 முதல் 57 வோல்ட் வரை இருக்க வேண்டும். விளக்குக்கூட எரியாது. கடைசியில், தொலைபேசி அழைப்புகளை எடுத்தே ஆக வேண்டியவர்களுக்கு நிறுவனமே சாதாரண மேசைக் கணினி யு.பி.எஸ். வாங்கிக் கொடுத்தது. மற்றவர்கள் மின்வெட்டில் வி.பி.என். மென்பொருளுக்கு மாறிக்கொள்கிறார்கள்.

மென்பொருள் மேம்படுத்தலில் ஓர் ஒழுங்கு வைத்தோம். கொன்ட்ரோலரின் பதிப்பு மாறினால் ஒவ்வொரு அக்சஸ் பொயின்டும் புதிய கோப்பை இறக்கிக்கொண்ட பிறகே இணையும். அளவிட்ட டேட்டா பக்கேஜ் வைத்திருக்கும் வீட்டில் அதை வேலை நாள் காலையில் செய்தால் சாபம்தான் கிடைக்கும். முன்கூட்டியே நள்ளிரவுக்குப் பின் இறக்கிவைத்து, பிறகுதான் மாற்றுகிறோம். புதிய கருவி எதுவும் அலுவலகத்தில் ஒருமுறை இணைந்து, பதிப்பும் டேக்கும் சரியாகி, பொது முகவரியைப் பதிந்துகொள்ளாமல் வீட்டுக்குப் போவதில்லை.

விருந்தினர்

விருந்தினர் வலையமைப்பில் தீர்மானிக்க வேண்டிய முதல் விடயம், அது எங்கே முடிய வேண்டும் என்பது. இரண்டு மாடி அலுவலகத்துக்கு ஒரு தனி வி-லேனை நேரே ஃபயர்வோலில் முடித்தால் போதும் என்பதே என் சொந்த அபிப்பிராயம். ஆனால் தொலைக்காட்சிக் கடிதத்துக்குப் பிறகு வாடிக்கையாளர் ஒருவரின் பாதுகாப்பு வினாக்கொத்தில், விருந்தினர் போக்குவரத்து உள் வலையமைப்பைத் தொடவே கூடாது என்று இருந்தது. ஆகவே அங்கர் முறைக்குப் போனோம்.

அதாவது, உள் வலையமைப்பிலிருந்து பிரித்து வைத்த டி.எம்.இசட். எனும் வெளிமுற்றத்தில் இன்னொரு கொன்ட்ரோலர், மெய்நிகர் வடிவில். மாடியில் விருந்தினர் ஒருவர் சேர்ந்ததும் உள் கொன்ட்ரோலர் அவருடைய தரவை ஒரு சுரங்கத்தில் போட்டு வெளிமுற்றத்துக்கு அனுப்பிவிடும். அங்கேதான் அவருக்கு ஐ.பி. முகவரி, அங்கேதான் லொகின் பக்கம், அங்கிருந்தே இணையம். இரண்டுக்கும் இடையே யு.டி.பி. 16666, 16667 மட்டும் திறந்தால் போதும். மென்பொருள் உரிமம் அக்சஸ் பொயின்ட் எண்ணிக்கையைப் பொறுத்தது. அங்கரில், அதாவது வெளிமுற்றக் கொன்ட்ரோலரில், அக்சஸ் பொயின்ட் எதுவும் இணையாததால் அந்தச் செலவும் பெரிதாக ஏறவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் கண்டிப்பானது: இரு பக்கத்திலும் வைஃபைப் பெயரின் அமைப்பும் கொள்கையின் பெயரும் பிசகாமல் பொருந்த வேண்டும். பாதுகாப்பு அமைப்பில் ஒரு பெட்டி ஒரு பக்கம் தெரிவு செய்யப்பட்டு மறுபக்கம் விடுபட்டாலும் விருந்தினரின் கைபேசி ஐ.பி. முகவரி கிடைக்காமல் அந்தரத்தில் நிற்கும்.

விருந்தினர் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. 10, 172.16, 192.168 என்று தொடங்கும் தனியார் முகவரித் தொகுதிகள் மூன்றுக்கும் பாதை இல்லை. ஒவ்வொருவருக்கும் வேக உச்சவரம்பு உண்டு. இவை வழக்கமானவைதான்.

லொகின் பக்கத்தில்தான் நேரம் போனது. பழைய அமைப்பில், லொகின் பக்கத்தைக் காட்டும் கொன்ட்ரோலரின் மெய்நிகர் முகவரி 1.1.1.1 என்று இருந்தது. ஒரு காலத்தில் எல்லோரும் அப்படித்தான் போட்டார்கள். அந்த முகவரியில் எவரும் இல்லை என்ற நம்பிக்கை. 2018 ஏப்ரல் முதலாம் திகதி கிளவுட்ஃபிளேர் நிறுவனம் அதே முகவரியில், இணையப் பெயர்களை ஐ.பி. முகவரிகளாக மாற்றித் தரும் தன் டி.என்.எஸ். சேவையைத் தொடங்கியது. அதிலிருந்து, கைபேசியில் அந்த டி.என்.எஸ்.ஸைப் போட்டு வைத்திருக்கும் விருந்தினர் எவருக்கும் இந்த அலுவலகத்தில் இணையம் கிடைத்திருக்க வழியில்லை. “சிலருக்கு மட்டும் ஏனோ வருவதில்லை” என்று வரவேற்பு மேசையில் இருந்தவர் பல காலமாகச் சொல்லிவந்ததன் காரணங்களில் ஒன்று இதுவாக இருக்கும். உதாரணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட 192.0.2.1க்கு மாற்றி, அதற்கு ஒரு பெயரும் முறையான சான்றிதழும் கொடுத்தோம்.

கைபேசி வைஃபையில் சேர்ந்ததும் லொகின் பக்கம் தானாக எழுவது மந்திரமல்ல. ஐஃபோன் கேப்டிவ் டொட் ஆப்பிள் டொட் கொம் என்ற முகவரியையும், ஆண்ட்ராய்ட் கூகுளின் ஒரு முகவரியையும் சாதாரண எச்.டி.டி.பி.யில் தட்டிப் பார்க்கின்றன. எதிர்பார்த்த பதிலுக்குப் பதிலாக வேறு பக்கம் வந்தால், இங்கே வாயிற்காவல் இருக்கிறது என்று புரிந்துகொண்டு பக்கத்தைத் திறக்கின்றன. கொன்ட்ரோலர் அந்த எச்.டி.டி.பி.யைத் திருப்பினால் போதும். பாதுகாப்பான எச்.டி.டி.பி.எஸ்.ஸையும் திருப்பும்படி பழைய அமைப்பில் இயக்கியிருந்தார்கள். அதனால் வந்ததெல்லாம் சான்றிதழ் எச்சரிக்கையும் மிரண்டுபோன விருந்தினரும்தான். அதை நிறுத்தினோம்.

எஸ்.எம்.எஸ்.ஸில் ஒருமுறைக் கடவுச்சொல் அனுப்பலாமே என்று சந்தைப்படுத்தல் பிரிவு கேட்டது. தொலைபேசி இலக்கங்கள் சேரும் என்பது அவர்களின் கணக்கு. நான் எதிர்த்தேன். இலண்டனிலிருந்து வரும் கணக்காய்வாளரிடம் உள்ளூர் சிம் இருப்பதில்லை. தவிர, தானாக எழும் அந்தச் சிறு ஜன்னல் முழுமையான உலாவி அல்ல, எஸ்.எம்.எஸ்.ஸைப் பார்க்க வெளியே போனால் பல ஐஃபோன்களில் அது மூடிக்கொள்ளும், எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். பழைய படிவத்தில் தேசிய அடையாள அட்டை இலக்கமும் கேட்கப்பட்டிருந்தது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, அரை மணி நேர வைஃபைக்கு அடையாள அட்டை இலக்கத்தை வாங்கி வைத்துக்கொண்டு அதைக் காக்கும் பொறுப்பையும் சுமப்பது வீண் வேலை. நீக்கிவிட்டோம்.

இப்போது வரவேற்பு மேசையில் இருப்பவருக்குக் கொன்ட்ரோலரில் விருந்தினர் கணக்கு உருவாக்க மட்டும் அனுமதி உண்டு. வேறெதையும் அவர் பார்க்க முடியாது. வருகையாளர் ஏட்டில் பெயர் எழுதியவருக்கு அன்று மாலை வரை செல்லும் ஒரு சீட்டை அச்சிட்டுக் கொடுக்கிறார். பலகையில் எழுதிய கடவுச்சொல் போய்விட்டது. லொகின் பக்கம் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. முதல் நாள் தமிழும் சிங்களமும் கேள்விக்குறிகளாகத் தெரிந்தன, பக்கத்தின் எழுத்துக் குறியாக்கம் யு.டி.எஃப்.-8 என்று அறிவிக்காததே காரணம்.

ஒருமுறை வந்தவரை மேக் முகவரியால் நினைவில் வைத்து அடுத்த முறை சீட்டில்லாமல் விடலாமா என்றும் பேச்சு வந்தது. 2019இல் ஆண்ட்ராய்ட் 10, 2020இல் ஐ.ஓ.எஸ். 14 வந்ததிலிருந்து கைபேசிகள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைமுகவரியைக் காட்டுகின்றன. சில அமைப்புகளில் அது காலத்துக்குக் காலம் மாறவும் செய்கிறது. அதை ஆளின் அடையாளமாக எடுப்பதில் பொருளில்லை. ஒரே நாளுக்குள் மீண்டும் கேட்காமல் இருக்க மட்டும் பயன்படுத்துகிறோம்.

இன்றைய நிலை

மார்ச் மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, கட்டட முகாமையாளரின் அனுமதியோடு இரண்டு மாடிகளின் மின்சாரத்தையும் வேண்டுமென்றே நிறுத்தி, மீண்டும் கொடுத்துப் பார்த்தோம். மாடிகளில் உள்ளவை உள்முகவரியிலும், சோதனைக்காக வெளி இணைப்பில் வைத்த வீட்டுக் கருவி பொது முகவரியிலும் இணைந்தன. டேக் ஒதுக்காத ஒரு கருவியை வேண்டுமென்றே செருகினோம். அனுமதிப் பட்டியலில் இல்லாததால் கொன்ட்ரோலர் அதைச் சேர்க்கவில்லை. பட்டியலில் சேர்த்துவிட்டு மீண்டும் பார்த்தோம். இணைந்தது, எதையும் ஒலிபரப்பவில்லை. இரவு நேர டி.எச்.சி.பி. பட்டியலைப் பார்ப்பது இப்போது நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்ப அலுவலரின் வாராந்த வேலைகளில் ஒன்று.

தீராதது ஒன்று இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் 4ஜி கோபுரங்களில் நெரிசல் ஏறும்போது, அந்த வீடுகளில் இருந்து பேசுபவரின் குரல் அறுந்து அறுந்து போகிறது. பிரித்தானியாவில் அப்போது நண்பகலும் பிற்பகலும் என்பதால் அழைப்புகள் குவியும் நேரமும் அதுதான். கொன்ட்ரோலரில் எதைத் திருகினாலும் இது சரியாகாது என்று எழுதிக் கொடுத்தோம். ஃபைபர் போகக்கூடிய வீடுகளுக்கு நிறுவனம் இணைப்புச் செலவைப் பொறுப்பேற்றது. வத்தளையில் ஓர் ஒழுங்கைக்குள் இன்னும் ஃபைபர் வரவில்லை. அங்கே இருக்கும் ஊழியர் வாடிக்கையாளர் அழைப்புள்ள நாட்களில் கொள்ளுப்பிட்டிக்கே வந்துவிடுகிறார், அன்றைய போக்குவரத்துச் செலவை நிறுவனம் கொடுக்கிறது.